கண்டிக் கடவத்தையின் களிமண் முத்திரையும் கையிலுள்ள போனும்

கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் கடவத்தை தெரியும். அந்தப் பெயர் காவல் வாயிலைக் குறிப்பது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கண்டி மன்னர் காலத்தில் மலைநாட்டுக்குள் வரும் வழிகளில் இப்படிக் கடவத்தைகள் இருந்தன. முட்கிளைகளைச் சட்டத்தில் கட்டிச் செய்த வாயில், பக்கத்தில் காவலர்.

அவற்றைப் பற்றி எழுதி வைத்தவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் மூதூருக்கு அருகே கொட்டியாற்றில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 வரை மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயர். நம்முடைய உடுநுவரப் பக்கம், எலதெத்தவில் வீடு கட்டி வாழ்ந்தார். வாயிலைக் கடக்கும் அனுமதி எப்படி இருந்தது என்பதை 1681இல் வெளியான தன் நூலில் சொல்கிறார். அது களிமண்ணில் பதித்த முத்திரை. படைவீரனுக்கு, தோளில் ஈட்டி வைத்த மனிதனின் உருவம். கூலியாளுக்கு, தடியின் இரு முனையிலும் பை தொங்க நடப்பவன். வெள்ளைக்காரனுக்கு, இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை முத்திரை. பெயர் எங்கும் இல்லை. காவலனுக்கு அது தேவைப்படவுமில்லை.

பிள்ளைகளுக்குக் குக்கீ என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், நீங்கள் அதற்குப் புது ஆள்தான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி செய்தார். தளம் ஒரு சிறு அடையாளத் துண்டை உங்களிடம் கொடுத்துவிடும், அடுத்த முறை நீங்கள் அதைக் காட்டுவீர்கள். விளம்பரக் கம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டு, தளம் தளமாக நம் பின்னால் வரத் தொடங்கியது பிறகு நடந்த கதை.

ஆனால் களிமண் துண்டு உங்கள் கையில்தான் இருக்கிறது. மகாவலியில் போட்டால் கரைந்துவிடும். குக்கீயும் அப்படித்தான், அழித்துவிடலாம். 2020இல் அப்பிளின் சபாரி பிற கம்பனிகளின் குக்கீகளை முழுதாகவே தடுத்தது. இனி யாரும் நம்மைத் தொடரமாட்டார்கள் என்று நினைத்தவர்கள், காவலனுக்குக் கண்ணும் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள்.

நீங்கள் ஒரு தளத்தைத் திறந்ததும் உங்கள் பிரவுசர் தன்னைப் பற்றிப் பலதையும் சொல்லிவிடுகிறது. எந்தப் பதிப்பு, திரையின் அளவு என்ன, எந்த நாட்டு நேரம், எந்த மொழி, என்னென்ன எழுத்துருக்கள். போதாததற்கு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படத்தையும் சில எழுத்துகளையும் வரையச் சொல்லிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. கருவிக்குக் கருவி அந்த வரைதல் நுணுக்கமாக வேறுபடும் என்பதை 2012இல் கலிபோர்னியாவில் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவற்றைச் சேர்த்தால் கிடைப்பதைப் பிரவுசரின் கைரேகை என்கிறார்கள். வகுப்பில் 40 பேர் இருக்க, "கண்ணாடி போட்டவர், இடதுகைக்காரர், அக்குறணையிலிருந்து வருபவர்" என்றால் பெயர் சொல்லாமலே ஆளைத் தெரிந்துவிடுகிறதே, அந்தக் கணக்குத்தான்.

2010இல் அமெரிக்காவின் ஈஎஃப்எஃப் அமைப்பில் பீட்டர் எக்கர்ஸ்லி 470,161 பிரவுசர்களைச் சோதித்தார். 83.6 வீதமானவை தனித்தனியே அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. அந்தச் சோதனைக்கு வந்தவர்கள் இதில் ஆர்வமுள்ளவர்கள், சாதாரண மக்களில் அவ்வளவு இராது என்று சிலர் சொன்னார்கள். அதுவும் சரிதான். 2018இல் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் வரும் ஒரு தளத்தில் 20 இலட்சத்துக்கு மேல் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குதான் தனித்துத் தெரிந்தது. கூட்டத்தோடு ஒத்துப்போகிறவர் மறைந்துவிடுகிறார்.

நமக்குக் கவலை இங்கேதான். உலகத் தளங்களுக்கு வரும் கோடிக்கணக்கானோரில் கொழும்பு நேரத்தில், தமிழ் மொழியில் போனை வைத்திருப்பவர் எத்தனை பேர்? சிறுபான்மையாக இருப்பது கைரேகையில் மை அதிகம் பூசிக்கொள்வது போல. அதற்காகப் போனை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் மொழியில் வாசிப்பதற்கு நாம் ஏன் ஒளிய வேண்டும்?

2018 மார்ச் ஞாபகம் இருக்கும். திகனப் பக்கம் எரிந்துகொண்டிருந்த நாட்களில், 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தடைப்பட்டன. பயத்திலும் தவிப்பிலும் எத்தனையோ பேர் இலவச விபிஎன்களை இறக்கிக்கொண்டார்கள். இனி நம்மை யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அப்போது வந்து, இன்னும் போகவில்லை. விபிஎன் மாற்றுவது நீங்கள் வரும் முகவரியை. கருவியின் கைரேகை அப்படியே இருக்கும். நீங்கள் பார்ப்பது முழுவதும் அந்த விபிஎன் கம்பனியின் கைவழியாகப் போகிறது என்பது வேறு விடயம்.

நொக்ஸ் தப்பிய விதத்தைப் பாருங்கள். பல வருடம் ஊர் ஊராகச் சாமான் விற்றுப் பழகிய வியாபாரியாகவே நண்பரோடு வடக்கே நடந்தார். வழியில் விசாரித்த அதிகாரியிடம் உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகச் சொன்னார், அவரும் நம்பிவிட்டார். டோர் பிரவுசர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை: பாவிக்கும் எல்லோரையும் ஒரே மாதிரித் தெரிய வைப்பது. வேகம் குறைவு, தினமும் பாவிப்பது சிரமம். ஃபயர்பொக்ஸிலும் சபாரியிலும் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது.

நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயரையும் அடையாள இலக்கத்தையும் போலவே இணையவழி அடையாளங்காட்டியையும் தனிப்பட்ட தரவு என்ற வரையறைக்குள் வைக்கிறது. பெயர் கேட்கவில்லையே என்று ஒரு கம்பனி இனித் தப்பிக்க முடியாது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

எக்கர்ஸ்லியின் சோதனை "கவர் யுவர் ட்ரெக்ஸ்" என்ற பெயரில் இன்னும் இலவசமாக இருக்கிறது, ஒரு நிமிடம்தான் எடுக்கும். உங்கள் போனில் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். போன் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையும் சேர்த்து.