மருத்துவ ஆய்வில் கருதுகோள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மருத்துவ ஆய்வு ஒன்றில் சேருமாறு உங்களிடமோ உங்கள் வீட்டு நோயாளியிடமோ கேட்கப்படும்போது, ஒப்புதல் படிவத்துடன் ஒரு தகவல் தாளும் தரப்படும். அதில் ‘ஆய்வின் நோக்கம்’ என்ற பகுதி இருக்கும். பலர் அதனைப் படிக்காமலேயே கையொப்பமிடும் பக்கத்திற்குச் சென்றுவிடுகின்றனர். ஆனால் ஆய்வாளர் எதனைச் சோதிக்கப் போகிறார் என்பதை அந்தப் பகுதிதான் கூறுகிறது. அவ்வாறு சோதிக்கப்படும் கூற்றே கருதுகோள் எனப்படும்.

கருதுகோள் என்பது இதுவரை கிடைத்துள்ள அறிவின் அடிப்படையில் முன்வைக்கப்படும் ஊகம் ஆகும். எனினும் எல்லா ஊகமும் கருதுகோள் ஆகாது. எந்த முடிவு கிடைத்தால் அந்த ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்ளப்படும் என்பது ஆய்வு தொடங்கும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். தவறாகிப் போக வாய்ப்பே இல்லாத கூற்றைச் சோதிக்க இயலாது.

சென்னையில் சோதிக்கப்பட்ட ஒரு கருதுகோள்

காசநோயாளிகள் இன்று வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொள்கின்றனர். 1950களில் நிலைமை வேறு. நல்ல காற்று, சத்தான உணவு, நீண்ட படுக்கை ஓய்வு, குடும்பத்தினரிடமிருந்து விலகியிருத்தல் ஆகிய அனைத்தும் சிகிச்சைக்கு இன்றியமையாதவை என்று கருதப்பட்டது. அதனால் நோயாளிகள் சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்க வைக்கப்பட்டனர். (தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.) ஆயினும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படுக்கைகள் இல்லை. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்ற கேள்வி எழுந்தது.

இக்கேள்விக்கு விடை காண, 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இதுவே சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரின் ஏழ்மையான, நெரிசல் மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்தக் குழுவில் இடம்பெறுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையில் அது தீர்மானிக்கப்பட்டது. இரு குழுவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. ஒரு குழுவினர் சானடோரியத்திலும் மற்றவர் வீட்டிலும் இருந்தனர் என்பதே முதன்மையான வேறுபாடு.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்கு உண்டு, உடல் எடையும் கூடுதலாகப் பெற்றிருந்தனர். அவ்வாறிருந்தும் நோய் அடங்கியதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தினருக்குத் தொற்று அதிகரிக்கும் என்ற அச்சமும் தனியாக ஆராயப்பட்டது. அதற்கும் சான்று கிடைக்கவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் முறையையே மாற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வியின் வடிவம். ‘வீட்டுச் சிகிச்சை நல்லதா?’ என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தகைய நோயாளிகள், எந்த மருந்து, எதனுடன் ஒப்பீடு, எத்தனை காலம், எதனை அளப்பது ஆகிய ஐந்தும் வரையறுக்கப்பட்டிருந்தன.

எதிர்பார்ப்பு பொய்த்த ஆய்வு

காஞ்சிபுரமும் அதனை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களும் முன்னர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு ஒன்று தொடங்கியது. பிரிட்டனில் வளரிளம் பருவத்தினரிடையே இத்தடுப்பூசி உயர்ந்த பாதுகாப்பு அளித்திருந்ததால், இங்கும் அளிக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2,80,000-க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

15 ஆண்டுகள் கண்காணித்த பின்னும் பெரியவர்களிடையே நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு காணப்படவில்லை. குழந்தைகளிடையே 27 விழுக்காடு மட்டுமே. அதுவும் தற்செயலாக அமைந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாத அளவு. அறிவியலில் இது தோல்வி அன்று. ஓரிடத்தில் மெய்யானது மற்றோரிடத்தில் மெய்யாகாமல் போகலாம் என்பதை இந்த ஆய்வும் காட்டியது.

பெற்றோர் கவனத்திற்கு: பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி இன்றும் அவசியம். மூளை உறைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது பச்சிளங்குழந்தைகளைக் காக்கிறது. மேற்கண்ட ஆய்வு சோதித்தது வேறொரு கருதுகோளை.

கருதுகோள் எழுதப்படும் விதம்

‘தறி வேலை உடம்புக்கு ஆகாது’ என்று நெசவாளர் குடும்பங்களில் சொல்வதுண்டு. இது அனுபவத்தில் விளைந்த பேச்சு. ஆனால் இதனை அளக்க முடியாது. இதையே பின்வருமாறு மாற்றலாம்: ‘பத்து ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் நெய்துவரும், நாள்பட்ட இடுப்பு வலியுள்ள பட்டு நெசவாளர்களில், நாள்தோறும் குறிப்பிட்ட உடற்பயிற்சி செய்வோருக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெறுவோரைவிட மூன்று மாதங்களில் வலி குறையும்.’ இது பொய்த்துப் போகலாம். ஆகவே இது கருதுகோள்.

இதன் மறுபுறத்தையும் ஆய்வாளர் எழுதுவார்: ‘இரு குழுவினரிடையே வலியில் வேறுபாடு இராது.’ இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். கிடைத்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே இது கைவிடப்படும். ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்பதும் ‘வேறுபாடே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. மிகச் சிலரிடம் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வு, உண்மையான பயனையும் காணத் தவறலாம். ‘இந்த மருந்து பயனற்றது என நிரூபணம்’ என்ற செய்தியைப் படிக்கும்போது இதனை நினைவில் கொள்ளவும்.

முடிவு வந்த பிறகு அதற்கேற்பக் கருதுகோளைத் திருத்தி எழுதுவது முறைகேடு. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்கு ஒப்பானது அது. இதனைத் தவிர்ப்பதற்காகவே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. மருந்து ஆய்வுகள், முதல் நபர் சேர்க்கப்படும் முன்பே, எதனை அளக்கப் போகின்றன என்பதை அதில் பதிவு செய்ய வேண்டும். அதன் இணையதளத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஆய்வில் சேருமுன்

நீங்கள் எந்தச் சிகிச்சையுடன் ஒப்பிடப்படுவீர்கள், போலி மருந்து கிடைக்க வாய்ப்புண்டா, எது அளக்கப்படும், எத்தனை காலம் வர வேண்டும், பாதிப்பு நேர்ந்தால் யாரை அணுகுவது ஆகியவற்றைத் தமிழில் விளக்குமாறு கேளுங்கள். ‘இந்தப் புதிய சிகிச்சை நிச்சயம் பலன் தரும்’ என்று யாரேனும் கூறினால், விடை தெரிந்த பின் ஆய்வு எதற்கு என்று தயங்காமல் கேட்கலாம். படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று குடும்பத்தினருடன் கலந்து பேச உங்களுக்கு உரிமை உண்டு. சேர மறுத்தாலும், சேர்ந்த பின் இடையில் விலகினாலும், உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. ஆனால் ஆய்வு மருந்தைத் திடீரென நிறுத்துவது சில வேளைகளில் தீங்கு தரும். விலகும் முடிவை முதலில் ஆய்வு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.