உலை பிரிதலும் வீடு பிரிதலும்: களமருதூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூர்ப் பக்கத்தில், ஒரே வீட்டிலிருக்கும் அண்ணன் தம்பிகள் வெவ்வேறு அடுப்பு மூட்டத் தொடங்கினால் "தனியா ஆக்கிக்கிறாங்க" என்பார்கள். ஊருக்கு அத்தோடு குடும்பம் பிரிந்தாயிற்று. பத்திரம் எழுதப் பல ஆண்டுகள் ஆகலாம். எழுதாமலே ஒரு தலைமுறை போய்விடலாம். உலை பிரிந்த நாளுக்கும் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் உறவுகள் கெடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. அரசும் நீதிமன்றமும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரின் பக்கம் நிற்கிறது. பொதுவான சமையலில் சேர்ந்து உண்பவர்களே அதற்கு ஒரு குடும்பம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சுமார் 7.21 கோடிப் பேர் ஏறத்தாழ 1.85 கோடிக் குடும்பங்களாகப் பதிவானார்கள். குடும்பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. புதிய ரேஷன் கார்டு கேட்பவரிடமும் தனிச் சமையல் உண்டா என்றே பார்க்கிறார்கள்.

ஆனால் இந்துச் சட்டம் உணவு, வழிபாடு, சொத்து மூன்றிலும் ஒன்றாக இருப்பதைக் கூட்டுக்குடும்பத்தின் இயல்பான நிலையாகக் கொள்கிறது. தனியாகச் சமைப்பது மட்டுமே பாகப்பிரிவினைக்குச் சான்றாகாது. பிரிய வேண்டும் என்ற எண்ணத்தை ஐயமின்றி வெளிப்படுத்த வேண்டும். பிரிவி கவுன்சில் 1916இல் கிரிஜா பாய் வழக்கில் நிலைநாட்டியது இதையே.

பெண்களின் நிலை இன்னும் வேறாக இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை, அவர்கள் குடியிருக்கும் குடும்ப வீட்டில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. பிறந்து வளர்ந்த வீட்டைப் பிரிப்பதில் மகளுக்குச் சொல் இல்லாத நிலை அது. தமிழ்நாடு தன் திருத்தத்தால் 25.3.1989 முதல், அதற்குமுன் மணமாகாத மகள்களைக் கூட்டுச் சொத்தில் சமபங்குதாரர் ஆக்கியது. 23ஆம் பிரிவு 2005 திருத்தத்தில்தான் ஒழிந்தது. அவ்வளவு தாமதத்துக்கு நியாயமே இல்லை.

3. செட்டிநாட்டு முறை

வட்டித் தொழிலில் பேர்போன செட்டிநாட்டு நகரத்தார், உலை பிரிவதில் வரும் கசப்புக்கு நெடுநாளைக்கு முன்பே ஒரு வழி கண்டார்கள். மகனுக்கு மணமானதும், சண்டைக்குக் காத்திராமல், அதே பெரிய வீட்டுக்குள் அவனை 'வேறு வைத்து' விடுவார்கள். அறையும் அடுப்பும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, செலவுக்கு இவ்வளவு பணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கல்யாணம், விசேஷம் என்றால் எல்லாருக்கும் ஒரே பந்தி. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளும் இவ்வழக்கத்தைக் குறித்திருக்கின்றன.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது காலம். மனம் ஒட்டியிருக்கும்போதே அடுப்பைப் பிரித்தார்கள். நம் பக்கத்திலோ மருமகள்களுக்குள் பேச்சு நின்ற பிறகே இரண்டாவது அடுப்பு வருகிறது. கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடும் குடும்பத்தில் அந்த மாபெரும் வீடும் இல்லை, வட்டிக்கடை வருமானமும் இல்லை என்பது உண்மை. ஆனாலும், எவ்வளவு நெல் யாருக்கு என்று முன்கூட்டியே பேசிவைக்க மாளிகை தேவையில்லை.

4. பத்திரத்தில் இருப்பதும் இல்லாததும்

பாகப்பிரிவினைப் பத்திரம் நுட்பமானது. கிணற்றில் இன்ன பாகம், மோட்டார் சர்வீஸில் இன்ன பங்கு, மாமூல் நடைபாதை, வண்டிப்பாதை எல்லாம் தவறாமல் எழுதப்படும். தண்ணீர் பாய்ச்சும் முறைக்கு நாள்கூடக் குறிப்பதுண்டு.

வீட்டைக் குடும்பமாக வைத்திருந்தவற்றுக்கு அதில் இடமில்லை. பெரியம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த வாரம் எந்த அடுப்படிக்குப் போவான்? அவனை இத்தனை ஆண்டு வளர்த்தவளுக்கு அவன் மீது என்ன பாத்தியதை? பிரிவின் முழுச் சுமையும் இப்படிப் பாகமே இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. வயதான தாய் மாதமொரு மகன் வீடு என்று மூட்டையோடு மாறுகிறாள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அவள் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பெற்ற பிள்ளை மேல் மனு எழுத எந்தத் தாய்க்கு எளிதில் கை வரும்?

ஆகவே பாகம் பிரிக்க உட்காருவோரிடம் ஒரு வேண்டுகோள். கிணற்றுப் பங்கை எழுதுவதற்கு முன்னால், அம்மா கடைசிவரை எந்த அறையில் இருப்பாள், அவள் சாப்பாட்டுச் செலவை யார் யார் எவ்வளவு தருவார்கள் என்பதை முதல் ஷரத்தாக எழுதுங்கள். அந்தப் பத்திரத்தில் உங்கள் அக்கா தங்கைகளும் பங்குதாரராகவே கையெழுத்துப் போடட்டும்.