ரக்பி உலகக் கோப்பை: அணித் தேர்வும் ரசிகர் எதிர்பார்ப்பும்

ரக்பி உலகக் கோப்பை, அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் விளையாட்டின் தலையாய பன்னாட்டுப் போட்டி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆடவருக்கான முதல் போட்டி 1987இலும், மகளிருக்கான முதல் போட்டி 1991இலும் நடந்தன. 2023 வரை நடந்த பத்து ஆடவர் போட்டிகளில் தென்னாப்பிரிக்கா 4 முறையும், நியூசிலாந்து 3 முறையும், ஆஸ்திரேலியா 2 முறையும், இங்கிலாந்து ஒருமுறையும் கோப்பையை வென்றுள்ளன.

போட்டிக்குச் சில வாரங்கள் முன்னதாக ஒவ்வொரு நாடும் தன் அணிப் பட்டியலை வெளியிடும். ரக்பி வேரூன்றிய நாடுகளில் யார் உள்ளே, யார் வெளியே என்ற விவாதம் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். ஆனால், பட்டியலில் முதலில் இடம் கிடைக்காதவர்களே கடைசியில் கோப்பையைத் தீர்மானித்ததும் உண்டு.

தோற்றம்

உலகக் கோப்பை வேண்டும் என்ற கோரிக்கையை முன்னின்று எழுப்பியவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 1985இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு ரக்பி வாரியத்தில் இத்திட்டம் 10க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பணத்துக்காக ஆடக்கூடாது என்ற அன்றைய மரபு இப்போட்டியால் குலைந்துவிடும் என அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் அஞ்சி எதிர்த்தன. அந்த அச்சம் பொய்க்கவில்லை. மூன்றாவது போட்டி முடிந்த சில வாரங்களில், 1995 ஆகஸ்டில், ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது.

முதல் போட்டிக்குத் தகுதிச் சுற்று இல்லை. அழைப்பின் பேரில் 16 நாடுகள் ஆடின. இனஒதுக்கல் கொள்கை காரணமாகத் தென்னாப்பிரிக்கா பங்கேற்கவில்லை. மேற்கு சமோவாவுக்கு அழைப்பே வரவில்லை. அதே மேற்கு சமோவா 1991இல் தகுதி பெற்றுவந்து, கார்டிஃபில் வேல்ஸை 16–13 என வீழ்த்தியது.

1987இல் நியூசிலாந்து ரசிகர்கள் இரண்டுபட்டுக் கிடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அந்நாட்டின் முன்னணி வீரர்கள் பலர் 'கவாலியர்ஸ்' என்ற பெயரில், ரக்பி சங்கத்தின் ஒப்புதல் இல்லாமலே தென்னாப்பிரிக்காவில் ஆடிவிட்டு வந்திருந்தனர். அந்தப் பயணத்துக்குத் தலைமை ஏற்ற ஆண்டி டால்டனே உலகக் கோப்பை அணிக்கும் தலைவராக அறிவிக்கப்பட்டார். காயத்தால் அவர் களமிறங்க முடியாமல் போக, அப்பயணத்துக்குச் செல்ல மறுத்த டேவிட் கிர்க் தலைமை ஏற்றார். ஈடன் பார்க் மைதானத்தில் பிரான்ஸை 29–9 என வென்று கிர்க் கோப்பையை ஏந்தியபோது, டால்டனையும் அருகே அழைத்துக்கொண்டார்.

பட்டியலின் அமைப்பு

1987இல் ஓர் அணிக்கு 26 பேர் அனுமதிக்கப்பட்டனர். இந்த எண்ணிக்கை 1999இல் 30 ஆகவும், 2015இல் 31 ஆகவும், 2023இல் 33 ஆகவும் உயர்ந்தது. எண்ணிக்கை கூடினாலும் தேர்வாளரின் சிக்கல் குறைவதில்லை. இரு அணியினரும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் ப்ராப், ஹூக்கர் ஆகியோரின் வேலை தனிப் பயிற்சி வேண்டுவது, ஆபத்தானதும்கூட; அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்திவிட முடியாது. எனவே இவர்களுக்கே பட்டியலில் கணிசமான இடம் போய்விடும். எஞ்சிய இடங்களுக்குத்தான் பின்வரிசை வீரர்களிடையே கடும் போட்டி. காயமுற்றவருக்குப் பதிலாக இன்னொருவரை அழைக்கலாம். 

நியூசிலாந்தில் தேசிய அணியான 'ஆல் பிளாக்ஸ்' வீரர்களின் பெயர்கள் வானொலியில் வாசிக்கப்படும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வீரர்களில் பலர், ஊர் மக்களோடு சேர்ந்து வானொலியைக் கேட்டே தாம் தேர்வானதை அறிந்தனர். 2015இல் உலகக் கோப்பை அணி வெலிங்டனில் நாடாளுமன்ற வளாகத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கால் எலும்பு முறிந்த வைசாகே நஹோலோ, ஃபிஜியில் தம் ஊருக்குச் சென்று நாட்டு மருத்துவம் செய்துகொண்டு தேறி, அப்பட்டியலில் இடம்பிடித்தார். இஸ்ரேல் டாக், கோரி ஜேன், சார்ல்ஸ் பியூட்டாவ் ஆகியோருக்கு இடம் கிடைக்கவில்லை.

வெளியே இருந்து வந்தவர்கள்

1995இல் தென்னாப்பிரிக்கா முதன்முறையாகப் பங்கேற்றது. போட்டியை நடத்தியதும் அந்நாடே. அதன் அணியில் இருந்த ஒரே வெள்ளையரல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ். அவர் முகம் விளம்பரங்களில் நிறைந்திருந்த வேளையில், தொடைத் தசைக் காயத்தால் அவர் விலக நேர்ந்தது. கனடாவுடனான ஆட்டத்தில் மூண்ட கைகலப்பில் பீட்டர் ஹெண்ட்ரிக்ஸ் தடை பெற்றதும், காயம் ஆறியிருந்த வில்லியம்ஸ் அணிக்குள் அழைக்கப்பட்டார். வந்த கையோடு, மேற்கு சமோவாவுடனான கால் இறுதியில் நான்கு ட்ரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டார். இறுதியாட்டத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது உதைத்து அடிப்பது), கூடுதல் நேரத்தில் நியூசிலாந்தை 15–12 என வீழ்த்தியது. நெல்சன் மண்டேலா, அணித்தலைவர் ஃப்ரான்ஸ்வா பினாரின் 6ஆம் எண் சட்டையை அணிந்து வந்து அவரிடம் கோப்பையை வழங்கினார்.

2011இல் நியூசிலாந்தின் நம்பிக்கை முழுதும், ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடிய டான் கார்ட்டர் மேல் இருந்தது. உதைப் பயிற்சியின்போது தொடை இடுக்குத் தசை கிழிந்து அவர் வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்த காலின் ஸ்லேடும் காயமடைந்தார். அடுத்து அழைக்கப்பட்டவர் ஸ்டீபன் டொனால்ட். 2010இல் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் 26–24 எனத் தோற்றதற்கு ரசிகர்கள் அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழைப்பு வந்தபோது அவர் வைக்காட்டோ ஆற்றில் பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். இறுதியாட்டத்தின் முதல் பாதியிலேயே, ஃப்ளை-ஹாஃபாக ஆடிய ஏரன் க்ரூடனின் முழங்கால் பிசக, உடம்புக்குப் போதாத சட்டையோடு டொனால்ட் களமிறங்கினார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர் உதைத்த பெனால்டியே வெற்றிப் புள்ளிகளாயின. நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7.

2023இல் தென்னாப்பிரிக்கா, காயமுற்ற ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்குப் பதிலாக இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், காயத்தால் பட்டியலுக்கு வெளியே நின்ற ஃப்ளை-ஹாஃப் ஹாண்ட்ரே போலார்டை அழைத்தது. இது சூதாட்டம் என்று அந்நாட்டு ரசிகர்களிலேயே பலர் நினைத்தார்கள். இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் எஞ்சியிருந்த ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் காயத்தால் வெளியேறினார். பெரும்பாலும் ஃப்ளாங்கர் இடத்தில் ஆடும் டியான் ஃபூரி ஆட்டம் முடியும்வரை ஹூக்கராக நிற்க நேர்ந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியபின் ஹூக்கர் பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் லைன்-அவுட் தடுமாறியது. சூதாட்டத்தின் மறுபக்கமும் அன்றே தெரிந்தது: தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் போலார்டின் காலில் இருந்து வந்தவை. நியூசிலாந்து 11 எடுத்தது.

நாடு மாறிய வீரர்கள்

ஒரு நாட்டில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வசித்தால் அந்நாட்டுக்கு ஆடலாம் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. பின்னர் இக்காலம் ஐந்து ஆண்டுகளாக்கப்பட்டது. 2019இல் அயர்லாந்து, அனுபவம் மிக்க டெவின் டோனரை விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவில் பிறந்து மூன்றாண்டு விதிப்படி தகுதி பெற்ற ஜான் கிளைனைத் தேர்ந்தெடுத்ததும் ஐரிஷ் ரசிகர்கள் கொதித்தனர். 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, மூன்று ஆண்டுகள் பன்னாட்டு ஆட்டம் ஆடாதிருந்த வீரர், தாம் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், தாத்தா பாட்டியின் நாட்டுக்கோ மாற இடமளித்தது. அதன்படி கிளைன் 2023இல் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடி, உலகக் கோப்பைப் பதக்கமும் பெற்றார்.

இவ்விதியால் கூடுதல் பயன் பெற்றவை பசிபிக் தீவு நாடுகள். 2015இல் நியூசிலாந்து பட்டியலில் விடுபட்ட பியூட்டாவ் 2023இல் டோங்காவுக்கு ஆடினார். 2015இல் நியூசிலாந்துடன் கோப்பை வென்ற மலாகாய் ஃபெகிட்டோவாவும் டோங்காவுக்கே வந்தார். லிமா சோபோவாகா சமோவாவுக்கு ஆடினார்.

கணிப்புகளும் பொய்ப்புகளும்

பட்டியல் வெளியானபின் ரசிகர்கள் கூர்ந்து பார்ப்பது முன்னோட்ட ஆட்டங்களை. 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 35–7 என நொறுக்கியது. மறுநாள் அதே மைதானத்தில் ஃபிஜி இங்கிலாந்தை 30–22 என வென்றது. ஆனால் நியூசிலாந்து இறுதியாட்டம் வரை வந்தது. இங்கிலாந்து கால் இறுதியில் அதே ஃபிஜியை வென்று அரை இறுதிக்குப் போனது.

சில வேளைகளில் ரசிகர்களின் ஐயமே பலித்திருக்கிறது. 2015இல் இங்கிலாந்து, ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி லீகிலிருந்து வந்து ஓராண்டே ஆகியிருந்த சாம் பர்ஜஸைச் சேர்த்து லூதர் பர்ரலை விட்டது. போட்டியை நடத்திய இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2023இல் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் எட்டி ஜோன்ஸ், மைக்கேல் ஹூப்பர், குவேட் கூப்பர் போன்ற மூத்தவர்களை ஒதுக்கி இளம் அணியை அனுப்பினார். ஆஸ்திரேலியா தன் வரலாற்றில் முதன்முறையாகக் குழுச் சுற்றைத் தாண்டவில்லை. அதே ஜோன்ஸ்தான் 2015இல் ஜப்பானின் பயிற்சியாளராக, தென்னாப்பிரிக்காவை 34–32 என வீழ்த்தி உலகையே வாய்பிளக்க வைத்தவர்.

ஆசியாவும் வருங்காலமும்

ஆசியாவின் சார்பில் எல்லா ஆடவர் போட்டிகளிலும் ஆடிய ஒரே நாடு ஜப்பான். 2019இல் போட்டியை நடத்திய அந்நாடு அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று கால் இறுதிக்குச் சென்றது. பள்ளி ரக்பி மோகம் மிகுந்த இலங்கையும், இந்தியாவும் இதுவரை தகுதி பெற்றதில்லை. 2025இல் ஆசியத் தகுதிப் போட்டியில் இலங்கையும் ஆடியது. அதில் வென்று ஹாங்காங் முதன்முறையாக ஆடவர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

2023 போட்டிக்கான குழுப் பிரிப்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்பே, 2020 டிசம்பரில் நடந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் தரவரிசை தலைகீழாகி, மிக வலிமையான ஐந்து அணிகளும் இறுதியாட்டத்துக்கான பாதையின் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டன. இந்த அதிருப்தியை மனதில் கொண்டு, ஆஸ்திரேலியாவில் நடக்கவுள்ள 2027 போட்டிக்கான குலுக்கல் 2025 டிசம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அப்போட்டியில் 24 அணிகள் ஆறு குழுக்களாக ஆடும். 2031 போட்டி அமெரிக்காவில் நடைபெறும்.