தகைவுப் புரதங்களின் இயக்குநீர்க் கட்டுப்பாடு

தகைவுப் புரதங்கள் என்பவை வெப்பம், நச்சு உலோகம் முதலிய நெருக்கடிகளின்போது உயிரணுக்களில் மிகுதியாக உருவாகும் புரதங்கள் ஆகும். இவற்றுள் சிலவற்றின் மரபணு வெளிப்பாட்டை இயக்குநீர்களும் (ஹார்மோன்கள்) கட்டுப்படுத்துகின்றன. மனித உயிரணுக்களில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அண்ணீரகச் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசோல் ஆகும்.

வரலாறு

சில பூச்சிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய நிறப்புரிகளில், செயற்படும் மரபணுக்கள் உள்ள இடங்கள் உப்பித் தோன்றும். எக்டைசோன் என்னும் இயக்குநீர் இத்தகைய உப்பல்களை உண்டாக்குவதை 1960இல் கிளெவரும் கார்ல்சனும் அறிவித்தனர். வெப்பமும் உப்பல்களை உண்டாக்குவதை 1962இல் இத்தாலியரான ரிட்டோசா அறிவித்தார். வெப்பத்தால் உருவாகும் புரதங்கள் 1974இல் இனங்காணப்பட்டன. இந்தியாவில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுபாஷ் சந்திர லகோட்டியா, பழ ஈயின் வெப்ப மறுமொழியில் பங்குபெறும் மரபணுக்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

செயற்படும் முறை

1. கார்ட்டிசோல் இல்லாதபோது அதன் ஏற்பி, உயிரணுக் கருவுக்கு வெளியே எச்எஸ்பி90 என்னும் தகைவுப் புரதத்துடன் இணைந்திருக்கும். எஃப்கேபிபி51 என்னும் துணைப்புரதமும் உடனிருக்கும்.

2. கொழுப்பில் கரையும் கார்ட்டிசோல் உயிரணு மென்சவ்வைக் கடந்து ஏற்பியுடன் இணைகிறது. எஃப்கேபிபி51 விலக, ஏற்பி கருவுக்குள் செல்கிறது.

3. அங்கு ஏற்பி, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதிகளில் ஒட்டி, அருகிலுள்ள மரபணுக்களின் படியெடுத்தலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. உலோக நச்சிலிருந்து காக்கும் மெட்டலோதயோனின் மரபணு இவ்வாறு தூண்டப்படுகிறது.

4. எஃப்கேபிபி51இன் மரபணுவும் தூண்டப்படுகிறது. இப்புரதம் பெருகும்போது, கார்ட்டிசோலுடன் இணையும் ஏற்பியின் நாட்டம் குறைகிறது. இது ஓர் எதிர்மறைப் பின்னூட்டம் ஆகும். இயக்குநீர் தன்னைத் தடுக்கும் புரதத்தைத் தானே உருவாக்குகிறது.

தென் அமெரிக்க அணில் குரங்குகளில் எஃப்கேபிபி51 இயல்பாகவே மிகுந்துள்ளது. அதனால் அவற்றின் குருதியில் கார்ட்டிசோல் மிக அதிகமாக இருந்தும் தீங்கு விளைவதில்லை.

பிற இயக்குநீர்கள்

ஈஸ்ட்ரோசன், மார்பகப் புற்றுநோய் உயிரணுக்கள் சிலவற்றில் எச்எஸ்பி27 உருவாவதைக் கூட்டுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

டெக்சாமெத்தசோன் மருந்தும் இதே ஏற்பி வழியாகவே செயற்படுகிறது. செயற்கைச் சுவாசம் பெற்ற கோவிட்-19 நோயாளிகளின் இறப்பை இம்மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. எனினும், இத்தகைய மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோரின் அண்ணீரகம் கார்ட்டிசோல் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவர் அறிவுரைப்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- அண்ணீரகச் சுரப்பி
- மரபணு வெளிப்பாடு
- வெப்ப அதிர்ச்சிப் புரதம்