ஜவ்வாது மலையிலிருந்து தாம்பரம் குழாய் வரை: பிரஷரும் குளோரினும்

ஜவ்வாது மலைக்கு டிரிப் போனவங்க பீமன் அருவியும் காவலூர் வானாய்வகமும் பார்த்திருப்பீங்க. செய்யாறு பிறப்பதும் அந்த மலையில்தான். கிழக்கே ஓடிவந்து, காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அந்தப் பகுதிப் பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து சென்னையின் தென்புறநகர்களுக்கு, தாம்பரம், பல்லாவரம் வரைக்கும், குடிநீர் போகிறது.

ஆறு பள்ளத்தைப் பார்த்து ஓடும், சரி. அவ்வளவு தூரம் குழாயில் வந்த தண்ணீர் மேலே எப்படி ஏறுது? வழியில் கெடாமல் எப்படி வருது? இரண்டையும் கவனிப்பது நீரேற்று நிலையம், நாம சொல்ற பூஸ்டர் ஸ்டேஷன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, குழாய் வழியாக ஊருக்குள் போனது. வடிகட்டல் இல்லை, பம்ப் இல்லை. சென்னையோ தட்டையான ஊர். தூரம் கூடக்கூட பிரஷர் குறையும். 1914-ல் மாநகராட்சிப் பொறியாளர் மேட்லியின் திட்டப்படி மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீராவி பம்புகள், உயரத்தில் ஒரு தொட்டி எல்லாம் வந்தன. தி.நகர் மேட்லி ரோடு அவர் பேர்தான்.

குளோரின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1903-ல் இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட், திரவமாக்கிய குளோரினால் குடிநீரைச் சுத்தப்படுத்தும் முறையை எழுதினார். 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் ஊர்த் தண்ணீருக்கே தொடர்ந்து குளோரின் மருந்து கலந்தார்.

இன்றைய ஸ்டேஷனுக்குள் நடப்பது இதுதான். நீண்ட குழாயில் வந்த தண்ணீர் உரசி உரசிப் பிரஷரை இழந்திருக்கும். குழாய்ச் சுவரில் படிந்த அழுக்கோடு வினைபுரிந்து குளோரினும் தீர்ந்திருக்கும். ஸ்டேஷன், தண்ணீரைத் தரைத் தொட்டியில் வாங்கி, குறைந்த குளோரினை மறுபடி சேர்த்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. 10 மீட்டர் உயரம் கிடைத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். கரண்ட் போனாலும் தொட்டியில் நீர் இருக்கும்வரை அது கிடைக்கும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

இதில் முக்கியமான விஷயம் ஒண்ணு: பிரஷர் என்பது மாடிக்கு ஏற்ற மட்டும் இல்லை, அதுவே ஒரு காவல். எந்த ஊர்க் குழாயிலும் சின்னச் சின்ன விரிசல் இருக்கும். உள்ளே பிரஷர் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். குழாய் காலியானால் அதே விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். நம்ம ஊர்களில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். மீதி நேரமெல்லாம் இந்த ஆபத்து இருக்கு. உள்ளே வரும் சாக்கடை அதிகமானால், மிச்சமிருக்கும் அந்தச் சொட்டுக் குளோரின் தாக்குப்பிடிக்காது.

இன்னொன்று, மெயின் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. அதனால் தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் போகாது, அது தெரிந்ததே. கூடவே, உறிஞ்சும்போது குழாயில் பிரஷர் வெளியே இருப்பதைவிடக் கீழே போய், விரிசல் வழியாக அழுக்கையும் இழுக்கும். அந்தத் தண்ணீர் முதலில் வருவது மோட்டார் போட்டவர் வீட்டுக்கே. தானாக வரும் தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுங்க. கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.