ஒரு வெள்ளியில் பிறந்த புத்தக அடுக்கு

தஞ்சோங் காராங்கிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தமிழ் நூல்கள் அடுக்கேறியதற்கு முதல் போட்டவர்களில் பால்மரம் வெட்டியவர்களும் உண்டு.

1950-களில் அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, ஆலோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். கோ. சாரங்கபாணி விடவில்லை. திருவாரூரிலிருந்து 1924-இல் சிங்கப்பூர் வந்து, 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர் அவர். இந்த மண்ணின் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழிக்கே அங்கே முதலிடம் வேண்டும் என்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டவும் இறங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அந்தப் பணம் துறையின் தமிழ் நூல்களுக்கு.

அந்த ஒரு வெள்ளி எப்படிப்பட்டது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைய வேண்டும். மரம் மரமாக மங்கு துடைத்து, கோடு கீறி, பாலெடுத்துச் சுமந்து வந்து நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை. இத்தனைக்கும் கிடைத்த நாட்கூலி சில வெள்ளிதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். தாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து படிக்கப் போகாத நூலகத்துக்குத்தான் அந்த மக்கள் காசு கொடுத்தார்கள். பெரிய நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். இந்தக் கொடை அதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என் துணிபு.

1956-இல் துறை பிறந்தது. 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகள் தலைமையேற்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் தமிழ்ச் சுவடியையும் பழைய அச்சு நூலையும் தேடிப் போகிறவர். போர்த்துக்கீசியப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்த பிறகு 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. வீரமாமுனிவர் பிறப்பதற்கும் ஓராண்டு முந்தியது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள். பேச்சுவழக்குச் சொற்களும் அதில் நிறைய. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த படியை அடிகள் கண்டெடுத்தார். 1966-இல் அது மலாயாப் பல்கலைக்கழகத்தின் மறுபதிப்பாக வெளிவந்தது. 287 ஆண்டுகள் கழித்து, தோட்டத் தொழிலாளி காசு கொடுத்து ஆதரித்த அதே துறையிலிருந்து! முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆனால் பந்தல் பிரிந்தால் மாநாடு முடிந்துவிடும். அந்த அகராதி இன்றும் கையில் எடுத்துப் புரட்டும்படி இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

அடுத்த வேலை இராம சுப்பையாவுடையது. அங்கே விரிவுரையாளராக இருந்த அவர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலைத் தொகுத்தார். ‘தமிழ் மலேசியானா’ என்ற அந்தப் பட்டியலை 1969-இல் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. இந்த நாட்டுத் தமிழன் என்ன எழுதினான் என்று கேட்பவர்களுக்கு அதுவரை வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில், பக்கம் பக்கமாக அச்சில் வந்தது.

சாரங்கபாணி 1974-இல் மறைந்தார், அடிகள் 1980-இல். அவர்களுக்கு ஆண்டுதோறும் மாலை போடுவது நல்லதுதான். அதோடு இன்னொன்றும் செய்யலாம். ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் காலியாகின்றன. வீடு மாறும்போது தோட்டக் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்துக் கணக்கு நோட்டு எல்லாம் பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன. வைத்திருப்பவர்கள் போடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஒரு படியை நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுத்தவர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு வெள்ளிக்காரர்களின் பெயரைத்தான் இன்று தேட வேண்டியிருக்கிறது.