குதிரை வாணிகமும் வாய்மையும்

யானை நம் மலைகளிற் பிறந்தது. காளை நம் முல்லை நிலத்தில் வளர்ந்தது. குதிரையோ கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களை எடுத்துரைக்கப் புகுந்த பட்டினப்பாலை, கடல் வழியே வந்த குதிரைகளைத்தான் முதற்கண் வைத்துக் கூறுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். மேலைக் கடற்கரையில் இறங்கிய குதிரைகளை மலைக் கணவாய்களின் வழியே சோழ நாட்டுக்கு ஓட்டி வந்தவர்கள் இவர்களே போலும்.

இதனால் விளைந்த ஒரு சிக்கலே இக்கட்டுரையின் பொருள். நெல்லை விற்பவனும் வாங்குபவனும் நெல்லை ஒருங்கே அறிந்தவர்கள். ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தால் பதர் எவ்வளவு என்பது இருவருக்கும் விளங்கும். குதிரை அத்தகையதன்று. அதன் கால் நோவும், மூச்சு இரைப்பும், இரவில் அது செய்யும் குறும்பும் விற்பவன் மட்டுமே அறிந்தவை. வாங்குபவன் காண்பது அரை நாழிகைக் காட்சி. அறிந்தவன் அறியாதவனுக்கு எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன்? சொல்லாது விட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் நட்டம் எவரைச் சாரும்? இவ்வினாவிற்கு வெவ்வேறு காலத்தார் வெவ்வேறு விடை கண்டனர்.

நம்மவர் கண்ட விடை திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. நரி பரியான கதையை அறியாத தமிழர் இலர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளுடன் சென்ற வாதவூரர், திருப்பெருந்துறையில் அப்பொருளை இறைபணிக்குச் செலவிட்டார். பின்னர் இறைவனே குதிரை வாணிகனாய், நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். பக்தியால் உருகிக் கேட்கும் இக்கதையில் நாம் கவனியாது விடும் பகுதி ஒன்று உண்டு. வந்த வாணிகன் முதலில் குதிரைகளின் நடைகளை மன்னன் முன் காட்டுகிறான். அவற்றின் இலக்கணங்களை எடுத்துரைக்கிறான். மன்னன் அளித்த பட்டாடையைக் கையால் வாங்காது செண்டால் ஏற்றுக்கொள்கிறான். அதன் பின்னரே கயிறு மாறுதல் நிகழ்கிறது. விற்பவன் கையிலுள்ள கயிறு வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால் வாணிகம் முற்றிற்று. அதற்குப் பின் குதிரைக்கு எது நேரினும் விற்றவன் பொறுப்பாளன் அல்லன். இதனை வாணிகன் வாய்விட்டுச் சொல்லியே கயிற்றை மாற்றிக் கொடுக்கிறான்.

அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடின. மன்னன் தண்டித்தது எவரை? விற்றவரை அன்று; தன் பொருட்டு வாங்கச் சென்ற வாதவூரரையே தண்டித்தான். இறைவன் திருவிளையாட்டில் வழக்காராய்ச்சி செய்வது தகாது என்பர் சிலர். எனினும், பரஞ்சோதி முனிவர் மூலக் கதையில் இல்லாத ஒரு சந்தை வழக்கத்தைக் கற்பனையாகப் புனைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தம் காலத்து மக்கள் கேட்டவுடன் அறிந்துகொள்ளும் முறையையே அவர் பாடியிருத்தல் வேண்டும். இன்றும் நம் மாட்டுச் சந்தைகளில் கயிறு கை மாறினால்தான் பேரம் முடிந்ததாகப் பொருள்.

கயிறு மாறிய பின் வாய் திறக்க வழியில்லை என்றால், கயிறு மாறுமுன் கண்ணைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஆதலின் குதிரை பார்த்தல் ஒரு கலையாகவே வளர்ந்தது. நகுலன் இயற்றியதாக வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தார் 1952 ஆம் ஆண்டில் அச்சிட்டுள்ளனர். இத்தகைய நூல்களில் நிறம், நடை, குரல், சுழி என்று குதிரையின் இலக்கணம் விரிவாகப் பேசப்படும். நம் நாட்டார் எல்லாவற்றினும் சுழிக்கே முதலிடம் தந்தனர். எந்த இடத்தில் மயிர் சுழித்திருந்தால் வாங்கியவன் குடி வாழும், எந்த இடத்திலிருந்தால் குடி கெடும் என்று பார்ப்பதில் காட்டிய கூர்மையைக் குளம்பைப் பார்ப்பதிலும் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. சுழி ஓடுவதில்லை, கால்கள்தாம் ஓடுகின்றன.

பல்லைப் பார்ப்பதோ உறுதியான முறை. குதிரைக்கு ஏறத்தாழ இரண்டரை வயதில் முன்வரிசைப் பாற்பற்கள் விழத் தொடங்கி ஐந்து வயதில் பல் நிரம்பும். அதன் பின் கீழ்ப் பற்களின் மேற்புறத்திலுள்ள கருங்குழிகள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, எட்டு வயதளவில் பெரும்பாலும் மறையும். வாயைத் திறந்து பார்க்கத் தெரிந்தவனை வயதில் ஏமாற்றுதல் அரிது. ஆயினும் ஏமாற்றுவோர் அதற்கும் வழி கண்டனர். கிழக் குதிரையின் பல்லில் குழி தோண்டிக் காய்ச்சிய இரும்பால் கறுப்பாக்கி இளமை காட்டுவது இங்கிலாந்துக் குதிரைத் தரகரின் கைவேலை. பிஷப் செய்தல் என்று அதற்கு ஒரு பெயரே அந்நாட்டில் வழங்கியது. சோர்ந்த குதிரையின் வாலடியில் இஞ்சியை வைத்து வாலைத் தூக்கி நடக்கச் செய்தலும் அவர்கள் செய்ததே.

சந்தையில் விலை பேசும் முறையையும் இங்குச் சொல்ல வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளும் அங்கு வருகின்றன. இத்தகைய சந்தைகளில் துண்டால் கையை மூடிக்கொண்டு விரல்களைத் தொட்டு விலை பேசும் பழைய வழக்கம் உண்டு. பேசுவோர் இருவரையன்றி வேறெவர்க்கும் தொகை தெரியாது. துண்டின் கீழ்க் கை இருக்கும்போது மூன்றாமவர் குறுக்கிடுதல் பண்பன்று. இதனைச் சூதென்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தவனின் மானத்தை அத்துண்டு காக்கிறது. ஆனால் அது மறைப்பது விலையை மட்டுமே. குதிரையை எவரும் துண்டால் மூடுவதில்லை.

இனி, வாங்குபவன் மன்னனாகவும் விற்பவன் கடல் வணிகனாகவும் இருந்தபோது நேர்ந்ததைக் காண்போம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரவருணி கடலொடு கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் அதன் கணக்கைத் தருகிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். பாரசீகக் குடாவிலுள்ள கீசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீன், தம் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400 அனுப்புவதாக உடன்படிக்கை செய்திருந்தார். பிற துறைகளிலிருந்து வருவனவற்றையும் கூட்டி 10,000 குதிரைகள் ஓராண்டில் வந்த காலமும் உண்டு என்கிறார். பெருக்கிப் பார்த்தால் 22 இலட்சம் தினார்!

விலையினும் வியப்பானது உடன்படிக்கையின் மற்றொரு விதி. வரும் வழியில் குதிரை ஊனமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே தரல் வேண்டும். கயிறு மாறுமுன்னரே, கப்பலில் ஏறிய கணத்திலேயே, நட்டம் வாங்குபவன் தலையில் ஏறிற்று. மேலும் ஒன்று: அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தக்கியுத்தீன்தான் பாண்டியன் அரசில் காயல் முதலிய துறைகளை மேற்பார்த்த அமைச்சர். விற்பவரும் வாங்குபவரின் கண்ணாக இருப்பவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! அவர்கள் வஞ்சனை செய்தனர் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் குதிரையை உற்றுப் பார்ப்பதற்கு எவருக்கும் காரணமில்லாத ஏற்பாடு அது.

ஏறத்தாழ 1292 இல் இந்நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதுவதைக் கேட்டால் நெஞ்சு பதைக்கிறது. மன்னன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட நன்னிலையில் எஞ்சுவதில்லை. சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டுகின்றனர். பேணும் முறை அறிந்தாரில்லை. குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வருவதுமில்லை. தாமாகச் செல்வாரையும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு விற்பனை பெருகுமன்றோ? அவர்கள் விற்ற குதிரைகள் நல்லனவாகவே இருந்திருக்கலாம். பொய் ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லத்தக்க ஒன்றைச் சொல்லாமல் விட்டனர். அவ்வளவே. அச்சொல்லாமையின் விலையை நம் குடிகள் இறுத்தனர். 1311 இல் மாலிக் காபூர் தென்னாட்டுச் சூறையுடன் தில்லி மீண்டபோது கொண்டு சென்ற குதிரைகள் 5,000 என்பர் அமீர் குஸ்ரு. 20,000 என்பர் பரணி. பேணத் தெரியாது வாங்கியவற்றில் எஞ்சியவையும் பகைவர் கைக்கே போயின.

நாம் வாழும் இப்பகுதியும் அவ்வாணிகத்திற் பங்கு கொண்டதுண்டு. தாதரிலோ குர்லாவிலோ வண்டியேறி அரை மணியில் நாம் அடையும் தாணா நகரம் அக்காலத்தில் தனியரசின் தலைநகர். அதன் மன்னன் கடற்கொள்ளையருடன் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தானென மார்க்கோ போலோ கூறுகிறார். கொள்ளையிட்ட கப்பலில் உள்ள குதிரைகள் அனைத்தும் மன்னனுக்கு. பொன்னும் பிற பண்டமும் கொள்ளையருக்கு. அக்கடலிற் செல்லும் எக்கப்பலும் குதிரையின்றிச் செல்வதில்லையாதலின் இது நன்கு நடந்தது. மன்னர்க்கு இது தகாத செயல் என்று போலோவே கடிந்திருக்கிறார். பாண்டியன் வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தான். தாணா மன்னன் உயிருள்ள குதிரைக்கும் விலை கொடுக்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே பயணி ஒரே நூலில் எழுதி வைத்தார்.

இறந்த குதிரைக்கு விலை தரும் வழக்கம் பாண்டியரோடு ஒழியவில்லை. விசயநகரத்தில் 1485 முதல் 1491 வரை ஆண்ட சாளுவ நரசிம்மன், ஆர்மசு, ஏடன் துறைகளிலிருந்து வரும் குதிரைகளை, உயிருள்ளதாயினும் இறந்ததாயினும், மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் பொன் வீதம் வாங்கினான். கடலில் இறந்ததற்கு வாலை மட்டும் கொணர்ந்து காட்டினால் போதும்! விசயநகரத்தில் தங்கியிருந்த போர்த்துகீசியர் நூனிசு இதனை எழுதியுள்ளார். வால் எந்தக் குதிரையின் வாலென்று அறுதியிட்டவர் யாரோ! ஆயினும் நரசிம்மனைப் பேதையென்று தள்ளுதல் முறையன்று. குதிரை பகைவன் துறைக்குப் போகாமல் தன்னிடமே வர வேண்டும் என்பதற்கு அவன் கொடுத்த கூலி அது. பின்னர் வந்த கிருட்டிணதேவராயரும் தம் ஆமுக்தமால்யதாவில், யானையும் குதிரையும் கொணரும் அயல்நாட்டு வணிகருக்கு நல்ல விலையும் மதிப்பும் தந்து அவை பகைவரிடம் செல்லாமற் காக்குமாறு அரசர்க்கு அறிவுரை கூறுகிறார்.

பீரங்கியும் காலாட்படையும் போரின் போக்கை மாற்றிய பின்னரும் அரபுக் குதிரை இந்தியாவிற்கு வருவது நிற்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் அதன் பெருந்துறை நம் பம்பாயே. பாசுரா முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் இங்கு வந்திறங்கின. பெண்டி பஜார், பைகுல்லாப் பக்கங்களில் அரபு வணிகரின் லாயங்கள் இருந்தன. படையினரும் பந்தயக்காரரும் அங்கே சென்று குதிரை பார்த்தனர். 1874 மே மாதத்தில் இந்நகரில் டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோது அதனை இழுத்தவை குதிரைகளே. அக்கம்பெனியார் 900 குதிரைகள் வைத்திருந்தனர். 1905 வரை அவை இழுத்தன.

அந்த டிராமுக்கு இரண்டாண்டு முந்தியது 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றும் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தில் வஞ்சனை எது என்பதை விளக்க வந்தவர்கள் குதிரையையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். எவரும் எளிதில் உணரும் வாணிகம் அன்று அதுதான். 17 ஆம் பிரிவின் விளக்கங்கள் நம் பழைய வினாவை நேரே எடுத்துக்கொள்கின்றன. குறையுள்ள குதிரை என்று அறிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அது வஞ்சனை ஆகாது. இது நம் கயிறு மாறும் முறையே. ஆனால் வாங்குபவள் விற்பவனுடைய சொந்த மகளாய், அண்மையில் வயது நிரம்பியவளாய் இருந்தால், குறையைச் சொல்லுதல் அவன் கடமை. மற்றும் ஒன்று: நீர் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை குறையற்றது என்றே கொள்வேன் என்று வாங்குபவன் கூறி, விற்பவன் வாய் மூடி நின்றால், அம்மௌனம் சொல்லுக்கு நிகர்.

இம்மூன்றில் நடுவிலுள்ளதே நம் போன்றோர் எண்ணிப் பார்க்கத் தக்கது. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்திறங்கும் இளைஞன் தாராவியிலோ செம்பூரிலோ ஓர் அறை வாங்கும்போது, முன்பின் அறியாத தரகனை நம்பி வாங்குவதில்லை. ஊர்க்காரர், உறவினர் என்று நம்பி வாங்குகிறான். மழைக்காலத்தில் அவ்வறையில் முழங்கால் அளவு நீர் நிற்பதை விற்பவர் அறிவார். பங்குனியில் வந்து பார்ப்பவன் அறியான். சட்டம் மகளைச் சொன்னது, ஊர்க்காரனைச் சொல்லவில்லை. ஆயினும் அண்ணாச்சி என்று ஒருவரை அழைத்து அவர் கையிலிருந்து சாவி வாங்குபவன் அவரை ஏலக்காரராக எண்ணி வாங்குவதில்லை.

அதே சட்டத்தில் நரசிம்மனின் வால்களை நினைவூட்டும் மற்றொரு விளக்கமும் உண்டு. குதிரையை வாங்க ஒருவன் இசைகிறான். இசைந்த வேளையில் அக்குதிரை முன்னரே இறந்துவிட்டது. இருவருக்கும் அது தெரியாது. அவ்வொப்பந்தம் செல்லாது.

இருப்புப்பாதை அலுவலில் இருப்பவன் எழுதும் கட்டுரையில் இரயிலைப் பற்றி ஒரு சொல்லேனும் இராவிடில் நண்பர்கள் விடமாட்டார்கள். 1890 ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டத்தின் 73 ஆம் பிரிவுப்படி, இரயிலில் அனுப்பப்படும் யானைக்கோ குதிரைக்கோ கேடு நேர்ந்தால் நிருவாகத்தின் பொறுப்பு தலைக்கு 500 ரூபாய்க்கு மேற்படாது. ஒட்டகத்திற்கும் மாட்டிற்கும் 50 ரூபாய். கழுதை, ஆடு, நாய் முதலியவற்றிற்கு 10 ரூபாய். அதற்கு மேல் மதிப்புடையது என்று அனுப்புபவர் ஏற்றும்போதே அறிவித்திருந்தால்தான் மேற்தொகை கேட்கலாம். அவ்வாறு அறிவித்தால் நிருவாகம் கூடுதற் கட்டணமும் வாங்கலாம். லாயத்தில் நின்று மூவாயிரத்திற்குக் குறையாத குதிரை என்று சத்தியம் செய்தவர், புக்கிங் கிளார்க்கின் சன்னல் முன் வந்து நின்றதும், அதே குதிரையின் மதிப்பை எவ்வளவென்று எழுதித் தருவார்? துண்டும் தரகும் சுழியும் அங்கில்லை. ஒரு படிவமும் ஒரு பேனாவும் மட்டுமே. 1989 ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்தபோது அப்பழைய சட்டமே நீங்கிற்று.